கண்வலிக் கிழங்கு: வேலியில் பூக்கும் நஞ்சு

ஆடியில் இரண்டு மழை விழுந்தால் போதும், காரிமங்கலம் பக்கத்துக் கொல்லை வேலிகளில் கண்வலிக் கொடி தலைகாட்டிவிடும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, குன்றின்மேல் அருணேசுவரர் கோயிலோடு நிற்கும் ஊர் அது. சுற்றிலும் செம்மண், கரடு, மாந்தோப்பு, தென்னை. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்கள் இந்த வேலிகளைக் கடந்துதான் வருகிறார்கள். ஆடுகள் எதையும் எட்டிக் கடிக்கும் என்பதால், புரட்டாசி ஐப்பசியில் கொடி சிவந்து நிற்கும் இடங்களில் விவரம் தெரிந்தவர்கள் மந்தையைத் தள்ளி ஓட்டுவார்கள்.

பிள்ளைகள் பூவைப் பறிக்கப் போனால் அதட்டல் வரும்: “தொடாதே, கண்ணு வலி வந்துடும்.” பார்த்தாலே வரும் என்று சொல்பவர்களும் உண்டு. பூவைப் பார்த்து ஒருவருக்கும் கண்நோய் வந்திருக்காது. இது பூக்கும் மழைக்காலமும் கண்நோய் ஊரெல்லாம் பரவும் காலமும் ஒன்றாக இருப்பதால் பழி பூவின்மேல் விழுந்திருக்கலாம். எப்படியோ, அந்த நம்பிக்கையால் ஒரு நன்மை நடந்தது. அடியிலிருந்து நுனிவரை நஞ்சான ஒரு செடியைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தொடாமல் விட்டார்கள்.

செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப்பூ என்றெல்லாம் வழங்கும் இந்தக் கொடியைப் பற்றி மூலிகைக் கையேடுகளைப் புரட்டினால் நீளமான நோய்ப் பட்டியல் கிடைக்கும்: மூட்டுவலி, குட்டம், பாம்புக்கடி, தேள்கடி, தலைப்பேன், பிரசவத் தாமதம், குடற்புழு, வெட்டை. பட்டியலை அப்படியே நம்புகிறவர்கள் ஒரு பக்கம், மொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் மறுபக்கம். மரபு இந்தக் கிழங்கை எந்தெந்த நோய்க்குக் கொடுத்தது என்பதைவிட, எப்படியெல்லாம் கொடுக்காமல் தடுத்தது என்பதில்தான் அதிக அறிவு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பட்டியலில் பாதி தேறாது. தடைகள் ஏறக்குறைய அத்தனையும் தேறும்.

முதலில் செடியைப் பார்த்துவிடலாம். கிழங்கை முழுதாக எடுக்க வேண்டுமென்றால் மண்வெட்டியைத் தண்டுக்கு எட்டத்தில் போடவேண்டும். பக்கத்தில் போட்டால் கிழங்கு துண்டாகிவிடும். மெல்லிய பழுப்புத் தோல், விரல் கனம், நடுவில் மடங்கி இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். ஏரில் கொழுவும் மேழியும் சேரும் கோணம் அதுதான். இரண்டு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு முளை இருக்கிறது, அவ்வளவே. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. போன வருடத்துக் கிழங்கு தன்னிடமிருந்த மாவை எல்லாம் கொடுத்துவிட்டு வற்றிய தோலாக ஒட்டிக்கொண்டிருக்கும். நறுக்கினால் உள்ளே வெள்ளை, நீர் கசியும், கசப்பு. மாசி பங்குனியில் மேலே ஒரு சருகுகூட மிஞ்சாது. கிழங்கு மட்டும் வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கும்.

மேலே வந்த கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கிளுவையையோ கள்ளியையோ பிடித்துக்கொள்ளும். மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கிவிடும். பச்சை மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, சில நாளில் இதழ் முழுதும் சிவந்துவிடும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பூவுக்கு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் ஒரு பக்கம், சூல்முடி மறுபக்கம். தன் மகரந்தம் தன்மேல் விழாதிருக்கச் செய்த இந்த ஏற்பாடு, பிற்பாடு இதைப் பயிராக்கிய உழவர்களுக்குக் கூலிச் செலவாக வந்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கவிஞர்களுக்குப் பூ போதுமானதாக இருந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலாவது காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டிலும் முருகனின் மலையில் அது பூத்திருக்கிறது. வேலன் ஆடும் வெறியாட்டுத் துறைக்கே தொல்காப்பியர் காந்தள் என்று பெயரிட்டார். இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த சீமை. நெல்லிக்கு மருந்தென்ற பெருமை, காந்தளுக்கு அழகென்ற பெருமை என்று இலக்கியம் பிரித்துக் கொடுத்துவிட்டது. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர். நவம்பரில் ஈழத்தமிழர் மாவீரரை நினைவுகூரும்போது கையில் ஏந்துவதும் இதைத்தான். கிழங்கை அரைத்துப் பார்த்தவர்களின் கதை இதற்கெல்லாம் வெளியே, வேறு தடத்தில் ஓடுகிறது.

அந்தத் தடத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, மரபு இந்தக் கிழங்கைப் பெரும்பாலும் உடம்புக்கு வெளியிலேயே நிறுத்தியது என்பது. மூட்டு வீக்கத்துக்கு எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். கழலைக்கும் படைக்கும் விழுதாக அரைத்துத் தடவினார்கள். தேள் கொட்டிய இடத்தில் பற்றுப் போட்டார்கள். தலைப்பேனுக்கு இலைச்சாறு. பிரசவம் தாமதமானால் மருத்துவச்சி கிழங்கை அரைத்து அடிவயிற்றில் பூசுவாள். நஞ்சுக்கொடி விழாவிட்டால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடவுவாள். உள்ளே கொடுப்பது அபூர்வம். கொடுத்தாலும் சுத்தி செய்யாமல் கொடுக்கக்கூடாது.

சுத்தி என்றால், கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் உலர்த்தி, இதையே பல நாள் திரும்பச் செய்வது. ஆயுர்வேத முறையில் மோருக்குப் பதில் கோமூத்திரம். சடங்கு போலத் தோன்றும் இந்த வேலையின் உள்ளே ஒரு தெளிவான வேதியியல் இருக்கிறது. கிழங்கின் முக்கிய நஞ்சான கொல்சிசின் தண்ணீரில் எளிதில் கரையும். மெல்லிய சீவலை மறுபடி மறுபடி ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினால் நஞ்சில் ஒரு பகுதி வெளியேறும். ஒரு பகுதிதான், முழுதும் அல்ல. எவ்வளவு மிஞ்சியது என்று நாக்கோ கண்ணோ சொல்லாது. அதனால்தான் சுத்தி செய்தபின்னும் அளவில் கைநடுக்கம் இருந்தது. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கும் வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆயுர்வேதம் இதை லாங்கலி என்ற பெயரில் உபவிஷங்களின் வரிசையில் வைத்தது. கருவை விழச்செய்வது என்று பொருள்படும் பெயர் ஒன்றும் வடமொழியில் இதற்கு உண்டு. கர்ப்பிணிக்கு இதை உள்ளே கொடுக்காதே என்ற எச்சரிக்கைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தியாவின் மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகள் 1945 இந்தப் பழைய வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. அட்டவணை இ(1) என்ற நச்சுப்பொருள் பட்டியலில் லாங்கலி இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை உள்ளுக்குச் சாப்பிட விற்றால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கை மேலட்டையில் இருந்தாக வேண்டும். நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இருக்காது என்று சொல்லிக்கொள்ளும் நம் காலத்தவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை படிக்கலாம். நம் முன்னோர் அப்படியொரு வார்த்தையைச் சொன்னதே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆய்வு என்ற பெயரில் கிழங்கைத் தொட்டவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் மூதீன் ஷெரீப். சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றியவர். 1869-இல் வெளியான இந்திய மருந்துநூலின் துணைநூலை எழுதியவர். நாட்டு மருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதாமல், தன் உடம்பிலேயே சோதிக்கும் வழக்கம் அவருக்கு. கலப்பைக் கிழங்கையும் சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்த்தார். கெடுதல் ஒன்றும் இல்லை, பசி நன்றாக எடுத்தது, ஊர் நினைக்கும் அளவுக்கு இது நஞ்சு இல்லை என்று எழுதிவைத்தார். துணிச்சலை மெச்சலாம், முடிவை மெச்ச முடியாது. அவர் எடுத்த அளவு சிறியது, அதனால் தப்பித்தார். மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் கிழங்கின் நஞ்சு மாறும் என்பதை ஒரே ஒருவர் தன் உடம்பைக்கொண்டு கண்டுபிடித்திருக்க முடியாது.

1880-இல் கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியலாளர் கிழங்கிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்து, செடியின் அறிவியல் பெயரான ‘குளோரியோசா சூப்பர்பா’வை ஒட்டி அதற்கு ‘சூப்பர்பின்’ என்று பெயர் வைத்தார். அது தனிப்பொருளே அல்ல என்பது பின்னால் தெரிந்தது. 1915-இல் க்ளூவர், கிரீன், டூட்டின் என்ற மூவர் கிழங்கில் இருப்பது கொல்சிசின் என்று காட்டினார்கள். அதோடு வேலியோரக் கொடி உலக மருத்துவ வரலாற்றோடு போய்ச் சேர்ந்தது. கொல்சிசின் அதற்குள் ஐரோப்பாவில் நூறு வயதை நெருங்கியிருந்தது.

அங்கே அது வேறொரு செடியிலிருந்து வந்தது. கருங்கடல் கரையில் கொல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயரைத் தாங்கிய ‘கொல்சிகம்’, இலையுதிர்காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் சிறு கிழங்குச் செடி. நம் காந்தளின் குடும்பம்தான். கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடிஸ் அதை நஞ்சு என்று எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் டிரால்லஸ் ஊர் அலெக்சாண்டர் அந்த இனக் கிழங்கை மூட்டு நோவுக்குக் கொடுத்தார். 1820-இல் பாரிசில் பெல்லட்டியே, கவாந்து இருவரும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். குவினைனைப் பிரித்ததும் அதே ஆண்டில் அதே இருவர்தான். அரபு வழியாக வந்த யுனானியிலும் இந்த இனத்துக்கு இடமுண்டு. காஷ்மீரத்துக் கொல்சிகத்தைச் ‘சூரஞ்சான்’ என்ற பெயரில் மூட்டுவலிக்கு யுனானி ஹக்கீம்கள் கொடுத்து வந்தார்கள். அப்படி ஹக்கீம்கள் இருந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் காரிமங்கலத்துக்குத் தூரமில்லை. ஹக்கீமின் அலமாரியில் காஷ்மீரத்துக் கிழங்கு, வெளியே வேலியில் உள்ளூர்க் கிழங்கு. இரண்டுக்குள்ளும் இருந்தது ஒரே பொருள் என்பது ஹக்கீமுக்கும் நாட்டு வைத்தியருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

கொல்சிசின் என்ன செய்கிறது? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் இருக்கின்றன. செல் நகரவும், உருவத்தைக் காக்கவும், இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கவும் அவை வேண்டும். கொல்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும், குழல் உருவாகாது. கீல்வாதத்தில், அதாவது யூரிக் அமிலப் படிகம் கால் கட்டைவிரல் மூட்டில் ஊசியாகக் குத்தும் ‘கவுட்’ நோயில், அந்தப் படிகத்தை நோக்கி வெள்ளையணுக்கள் படையெடுத்து வருவதால்தான் வீக்கமும் நெருப்புப் போன்ற வலியும். நுண்குழல் இல்லாத வெள்ளையணு சரியாக நகராது. வலி அடங்குகிறது. மூட்டு நோவுக்கு மரபு இந்தக் கிழங்கை நாடியதற்கு ஒரு நியாயம் இங்கே கிடைக்கிறது. எல்லா மூட்டுவலிக்கும் அல்ல. தேய்மானத்தால் முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு இதில் லாபம் இல்லை.

அளவு கூடினால் அதே வேலை உடம்பெங்கும் நடக்கும். குடலின் உட்பூச்சு, எலும்பு மச்சை, மயிர்க்கால் என்று எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் வேலை நின்றுபோகும். 1937-இல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இந்தக் குணத்தையே தாவரங்களில் பயன்படுத்தினார்கள். பிரியமுடியாத செல்லில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். ஜப்பானியர் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியது இந்த வழியில்தான். பழத்துக்கு நன்மை செய்த அதே கோளாறு மனித உடம்பில் உயிரை எடுக்கிறது.

இனி பட்டியலின் மற்ற வரிகள். பாம்புக்கடிக்கு இந்தக் கிழங்கு பயன்படாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் முறிப்பது நஞ்சுமுறி மருந்து ஒன்றுதான். அதற்கான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருகிறவர்கள், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். காட்டு மருந்தின் பேரறிவு படைத்தவர்கள் என்று நாம் கொண்டாடும் அதே இருளர்கள்தான். கடிபட்டவரிடம் வேர்க்கட்டையைக் கொண்டுபோய்க் காலம் கடத்துவது அவர்கள் பெயருக்கே இழுக்கு. தேள்கடியிலும் பற்று வலியைச் சற்று மறக்கடிக்கலாம். உயிருக்கு ஆபத்தான செந்தேள் கடிக்கு, மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் நிலைநாட்டிய பிரசோசின் மாத்திரைதான் உயிர் காத்தது.

பிரசவ விஷயம் இன்னும் கனமானது. உள்ளங்காலில் பூசிய விழுதால் கருப்பை சுருங்கியது என்பதற்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன். மணிக்கணக்கில் தவிக்கும் பெண்ணுக்கு அருகில் ஒருத்தி உட்கார்ந்து காலைப் பிடித்து நீவிக்கொண்டிருப்பதே அன்று பெரும் மருந்து. ஆனால் ‘கருவை விழச்செய்வது’ என்ற அறிவு மருத்துவச்சியின் கையைத் தாண்டி ஊருக்குள் கசிந்தபோது நடந்தது கொடுமை. 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வருவதற்கு முன்னும், வந்த பின்னும் மறைவாகவே முடித்துக்கொள்ள நினைத்த பெண்கள் இதை உட்கொண்டார்கள். தாயும் சேர்ந்தே போனாள். இன்று தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. கிழங்கின் இந்த உபயோகம் மறைந்ததில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

நஞ்சு ஏறினால் என்ன ஆகும் என்பதை இலங்கை மருத்துவர்கள் நம்மைவிட விரிவாக எழுதியிருக்கிறார்கள். அங்கே சிங்களத்தில் ‘நியங்களா’. வற்றாளை, அதாவது சர்க்கரைவள்ளி, என்று நினைத்துத் தவறிச் சமைத்தவர்களும், மனம் உடைந்து தெரிந்தே உண்டவர்களும் அவர்களிடம் வந்தார்கள். முதலில் சில மணிநேரம் ஒன்றும் தெரியாது. பிறகு தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. பேதி என்று நினைத்து ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுப்பார்கள். சற்று நின்றது போலவும் இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும், வெள்ளையணு சரியும். தப்பிப் பிழைத்தவருக்கு ஓரிரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். 1966-இல் மருத்துவர் குணரத்ன அப்படி முடியெல்லாம் இழந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். முடி பிறகு வளர்ந்துவிடும். ஆனால் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. முதல் மணிநேரங்களில் மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. வாந்தி நின்றுவிட்டது என்று வீடு திரும்பினால் இரண்டாம் நாளின் சரிவுக்கு மருத்துவர் கையில் நேரம் இருக்காது. என்ன கிழங்கு என்பதைச் சொல்ல மிச்சத்தையும் கொடியையும் உடன் எடுத்துப் போனால், சாதாரணப் பேதி என்று அனுப்பிவிடும் தவறு நேராது.

தவறிச் சமைப்பது எப்படி நேரும் என்றால், பருவத்தால்தான். பென்னாகரம், சித்தேரி மலைப்பக்கம் கவலை, நூரை, வள்ளி என்று காட்டுக் கிழங்கு தோண்டும் பழக்கம் உண்டு. இலை இருக்கும்போது குழப்பம் இல்லை. வள்ளியின் இலை அகன்று நெஞ்சு வடிவில் இருக்கும், காந்தளின் இலை ஒடுங்கி நுனியில் சுருண்டிருக்கும். இலை காய்ந்து கொடி அற்றுப்போன பிறகு மண்ணுக்குள் இருப்பது எது என்பதை அந்த இடத்தை மழைக்காலத்திலும் பார்த்தவர்தான் சொல்லமுடியும். வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பவும் முடியாது. கொதிநீர் கொல்சிசினை அழிப்பதில்லை.

இப்போது கொடி வேலியை விட்டு வயலுக்குப் போய்விட்டது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கங்களில் பந்தல்கம்பி கட்டி ஏக்கர் ஏக்கராகக் கண்வலி பயிராகிறது. விற்பது கிழங்கை அல்ல, விதையை. கொல்சிசின் கிழங்கைவிட விதையில் அதிகம். உலர்ந்த செந்நிற விதை வியாபாரிகள் கை மாறி இத்தாலி முதலான நாடுகளின் மருந்து ஆலைகளுக்குப் போகிறது. முன்பு சொன்ன வளைந்த சூல்தண்டு இங்கேதான் குறுக்கே வருகிறது. வயலில் காய் நன்றாகப் பிடிக்க, விடிந்ததும் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், வரிசையாகப் போய் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மறுபூவின் சூல்முடியில் தடவவேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். பூக்கும் காலம் முழுக்க இது தினசரி வேலை. விதை விலையோ பெரிதாக ஏறி இறங்கும். சில வருடம் கிலோ மூவாயிரத்தைத் தாண்டும், சில வருடம் ஆயிரத்துக்கே தட்டுத்தடுமாறும். குறைந்தபட்ச விலை கேட்டு உழவர்கள் அவ்வப்போது குரல் கொடுக்கிறார்கள். பஞ்சுக்கும் நெல்லுக்கும் உள்ளூரில் வேறு வாங்குவோர் உண்டு. இந்த விதைக்கு மருந்து ஆலையை விட்டால் உலகில் வாங்குவோர் இல்லை.

நடவுக்கு விதை உதவாது. முளைக்கவே மாதக்கணக்கு, பூக்க மூன்று நான்கு வருடம். ஆகவே கிழங்கைத்தான் நடுவார்கள். பயிர் பரவத் தொடங்கியபோது அந்தக் கிழங்குகள் காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தோண்டி வந்தவை. ஒரு கொடியிலிருந்து ஆண்டுக்கு ஓரிரு கிழங்கு என்ற கணக்கில் பெருகும் செடியைச் சாக்குச் சாக்காகத் தோண்டினால் காட்டில் என்ன மிஞ்சும்? காப்புக்காட்டிலிருந்து எடுப்பது 1882-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போடுவது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. காரிமங்கலத்தில் நெடுஞ்சாலையோர நிலங்கள் மனைகளாகும் வேகத்தில் காந்தளுக்குப் பற்ற இடம் குறைந்துகொண்டு வருகிறது. கரட்டு அடிவாரங்களில் இன்னும் இருக்கிறது.

மேற்கத்திய மருத்துவமும் இந்தப் பொருளுக்குத் தடை போடக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. கீல்வாத வலிக்கு மணிக்கு ஒரு மாத்திரை, வலி நிற்கும்வரை அல்லது பேதியாகும்வரை என்பதே இருபதாம் நூற்றாண்டு முழுக்க வழக்கம். அந்தப் பெரிய அளவும் அதில் பாதிக்கும் குறைவான அளவும் வலியைக் குறைப்பதில் ஏறக்குறைய ஒன்றே, தொல்லை மட்டும் குறைந்த அளவில் மிகக் குறைவு என்று 2010-இல் வெளியான சோதனை காட்டியது. அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இந்தப் பழைய மருந்துக்குப் புதிதாக அனுமதியும் தனியுரிமையும் பெற்று, ஒன்பது சென்ட் மாத்திரையை ஐந்து டாலர் கிட்ட விற்றது. அந்த விலையில் மூலனூர் உழவருக்கு ஒரு பங்கும் வந்திருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூனில் அதே கொல்சிசினுக்கு, அரை மில்லிகிராம் அளவில், மாரடைப்பைத் தடுக்கும் மருந்தாகவும் அங்கே ஒப்புதல் கிடைத்தது. அழற்சியை அடக்கும் அதே குணம் இரத்தக் குழாய்க்கும் உதவுகிறது.

இதே விதையிலிருந்து இன்னொன்றும் எடுக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிகோசைடைச் சற்று மாற்றினால் தயோகொல்சிகோசைடு. முதுகுப் பிடிப்புக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் கொடுக்கும் தசைதளர்த்தி. வலிநிவாரணியோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இந்தியா எங்கும் கிடைக்கிறது. உடம்பில் அது உருமாறும்போது உண்டாகும் ஒரு பொருள் செல் பிரியும்போது குரோமோசோம் கணக்கைக் குலைக்கலாம் என்பதால் 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குக் கட்டுப்பாடு போட்டது: வாய்வழி ஏழு நாளுக்கு மேல் கூடாது, கர்ப்பிணிக்குக் கூடாது, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்க்குக் கூடாது. லாங்கலிக்கு வடமொழி நூல்கள் சொன்ன தடையும் இதுவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நம்மூர்களில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர் காலி அட்டையைக் காட்டி இன்னொரு அட்டை கேட்டால், மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் தரவேண்டிய அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடும் கடைகளுக்குக் குறைவில்லை. எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.